டீம்டு யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு (சி.எஸ்.) 13 லட்சமா, கவுன்சிலிங்கில் வரும் சீட்டா? கணக்குப் பார்த்துச் சொல்லுங்க

பரமத்தியான்

வணக்கம்ங்க. அக்கா பையன் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கான். கட்-ஆஃப் 200-க்கு 158. பி.சி. பிரிவு. மச்சான் லாரி டிரைவர், சொந்த வண்டி கிடையாது, சம்பளத்துக்கு ஓட்டறார். அக்கா வீட்டிலேயே தையல் எடுத்துப் போடுது. ரெண்டு பேர் வருமானமும் சேர்ந்தா மாசம் 28, 30 ஆயிரம் வரும். வயித்தைக் கட்டி வாயைக் கட்டி 3 லட்சம் சேர்த்து வெச்சிருக்காங்க. அக்கா பேர்ல ஒரு வீடு இருக்கு. பையனுக்கு ஒரு தங்கச்சி, இப்பத்தான் பத்தாவது எழுதியிருக்கு.

பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணுமாம். சென்னைக்கு வெளியே இருக்கற ஒரு டீம்டு யுனிவர்சிட்டியில சீட்டு வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்துட்டார். டியூஷன் வருஷம் 2,25,000. ஹாஸ்டல், மெஸ் 1,10,000. இந்த வாரத்துக்குள்ள 25,000 முன்பணம் கட்டலைன்னா சீட்டு போயிடும்னு தினமும் போன் பண்றார். நாலு வருஷத்துக்கு 13,40,000 ஆகுது. 10 லட்சம் கடன் வாங்கி, மீதிக்கு சேமிப்பைப் போடலாம்னு மச்சான் சொல்றார்.

இன்னொரு பக்கம், கவுன்சிலிங்கில போனா வீட்டிலிருந்து பஸ்ல போய் வர்ற தூரத்துல ரெண்டு மூணு சுயநிதிக் கல்லூரி இருக்கு. இந்த கட்-ஆஃபுக்கு அங்க ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) அல்லது ட்ரிபிள்-இ (எலக்ட்ரிக்கல்) கிடைக்கும்கறாங்க. சி.எஸ். கிடைச்சாலும் கிடைக்கலாம்.

எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்சவங்க யாரும் இல்லை. படிச்சவங்க சொல்லுங்க, இந்தப் 13 லட்சம் திரும்பி வருமா?

ஓ.எம்.ஆர். வாசி

தம்பி, ஐ.டி.யில பல வருஷமா இருக்கேன். நேரா சொல்றேன். சி.எஸ். கிடைக்கற இடத்துல சேர்த்துடுங்க. மெக்கானிக்கல், சிவில் முடிச்சவங்க ஓரகடத்துலயும் ஓசூர்லயும் 16, 18 ஆயிரத்துக்கு ஷிப்ட் பார்க்கறாங்க. ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில ஆரம்பம் வருஷத்துக்கு 3.5 லட்சம்தான், ஆனா மூணு நாலு வருஷத்துல கம்பெனி மாறினா 8, 10 லட்சத்துக்குப் போயிடலாம். என் டீம்லயே அப்படி நிறைய பேர் இருக்காங்க. பெரிய டீம்டு யுனிவர்சிட்டிக்குத் தேடி வர்ற கம்பெனிங்க எண்ணிக்கை ஜாஸ்தி. உங்க ஊர்ப்பக்கம் இருக்கற காலேஜுக்கு அத்தனை பேர் வர மாட்டாங்க. செலவைப் பார்த்துப் பின்வாங்கினா பையன் வாழ்நாள் முழுக்க அதுக்கு விலை கொடுப்பான்.

வங்கி ஓய்வு

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்விக்கடன் மனுக்களை நிறையவே பார்த்திருக்கிறேன். நண்பர் ஓ.எம்.ஆர். வாசி சொல்லும் 8, 10 லட்சம் பொய்யில்லை. ஆனால் கடன் தவணை நான்காவது வருஷத்துக்காகக் காத்திருக்காது. அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம்.

10 லட்சம் கடனை வருஷத்துக்கு 2.5 லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக்காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும். முதல் வருஷம் வாங்கிய பணத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நான்கு, இப்படிச் சேர்த்தால் தனிவட்டிக் கணக்கிலேயே 3,67,500 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 13,67,500. அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 18,450. பதினைந்து வருஷத்துக்கு இழுத்தால் 15,100. அப்படி இழுத்தால் மொத்தம் கட்டுவது 27 லட்சத்துக்கு மேல்.

இப்போது வரவுப் பக்கம். வருஷம் 3.6 லட்சம் என்று ஆர்டரில் போட்டிருந்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் போகக் கையில் வருவது 25,000-க்குப் பக்கம். சென்னையில் பி.ஜி.யில் தங்கிச் சாப்பிட 8,000, பஸ், போன், துணிமணி என்று 4,000. மிச்சம் 13,000. தவணை 18,450. மாதாமாதம் துண்டு விழும் 5,500-ஐ யார் போடுவார்? மச்சான்தான். அவர் அந்தக் கடனில் இணைக் கடன்தாரர். தவணை நின்றால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் பதிவு பையன் பெயரில் மட்டுமில்லை, அவர் பெயரிலும் கெடும்.

இதில் இன்னொன்று. வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். அக்கா பேரில் இருக்கும் வீட்டுப் பத்திரம்தான் போகும். பி.எம். வித்யாலட்சுமி என்று 2024 நவம்பரில் அறிவித்த திட்டத்தில் அடமானம் வேண்டாம் என்றிருக்கிறது. ஆனால் அது தேசியத் தரவரிசைப்படி தேர்வு செய்த கல்லூரிகளுக்கு மட்டும், அதிலும் மதிப்பெண் தகுதியில் சேர்ந்தவர்களுக்குத்தான். ஏஜென்ட் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் பையனுக்கு அந்தக் கதவு திறக்காது.

கவுன்சிலிங் வழி என்றால் கணக்கு வேறு. கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த தொகை, அரசு ஒதுக்கீட்டுக்கு வருஷம் 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. சேருமுன் இப்போதைய ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டீம்டு யுனிவர்சிட்டிகள் இந்தக் குழுவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. உங்கள் குடும்பத்தில் பட்டதாரி இல்லை என்கிறீர்கள், முதல் பட்டதாரிச் சலுகையில் சுயநிதிக் கல்லூரியில் வருஷம் 25,000 வரை குறையும், அது கவுன்சிலிங்கில் சேர்ந்தவர்களுக்குத்தான். 55,000-ல் 25,000 போனால் 30,000. பஸ் 25,000. தேர்வுக் கட்டணம், புத்தகம், ரெக்கார்டு நோட்டு, சீருடை, 'டிரெயினிங்' என்று கேட்பது எல்லாம் 20,000. ஆக வருஷம் 75,000, நான்கு வருஷம் 3 லட்சம், ஒரு லேப்டாப் தனி. உங்கள் சேமிப்பே அதைத் தாங்கும்.

ஓ.எம்.ஆர். வாசி

ஐயா கணக்கு சரி. ஆனா ரெண்டு காலேஜிலயும் ஒரே வேலை கிடைக்கும்னு வெச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு அது. இங்க வேலை கிடைக்காமலே போனா 3 லட்சமும் நட்டம்தானே? அதோட நாலு வருஷச் சம்பளமும் போச்சு. அந்தப் பையன் இன்னைக்கே ஒரு மில்லுல 12,000-க்குச் சேர்ந்தா நாலு வருஷத்துல 5,76,000 வரும். அதையும் செலவுப் பக்கம்தான் எழுதணும்.

வங்கி ஓய்வு

எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த 5,76,000 இரண்டு வழிக்கும் பொது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் நான்கு வருஷச் சம்பளம் போகிறது. இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் 10 லட்சம், வட்டியோடு அதற்கும் மேல். அந்த வித்தியாசத்துக்கு அந்தக் கல்லூரி கூடுதலாக என்ன தரப்போகிறது என்பதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைவாய்ப்பு விவரம் தெரிந்த ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

வகுப்பறை

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறேன், கொஞ்ச காலம் பிளேஸ்மென்ட் செல்லிலும் இருந்தேன். கல்லூரிப் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை.

கேட்டில் கட்டும் பிளெக்ஸை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதில் இருக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் ஆஃபர்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மூன்று கம்பெனியில் ஆஃபர் வந்தால் அது மூன்றாக எண்ணப்படும். உச்சச் சம்பளம் என்று பெரிய எழுத்தில் போடுவது ஒரே ஒருவர் வாங்கியதாக இருக்கும். அடுத்து, ஆஃபர் வேறு, வேலையில் சேர்வது வேறு. 2022-ல் முடித்த பிள்ளைகள் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலும் அழைப்புக்காகக் காத்திருந்ததை இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் பார்த்தோம். அப்ரெண்டிஸாகப் போகிறவர்களையும் 'பிளேஸ்டு' என்று சேர்த்துவிடுவார்கள். அப்ரெண்டிஸ் என்பது ஒரு வருஷப் பயிற்சி. 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000. அதில் கற்றுக்கொள்ளலாம், தவறில்லை, ஆனால் அது நிலையான வேலை இல்லை.

ஆகவே நேரில் போகும்போது இப்படிக் கேளுங்கள்: போன வருஷம் இந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் முடித்தார்கள்? அதில் எத்தனை பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள்? அவர்களை வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிற கல்லூரி நல்ல கல்லூரி. பேச்சை மாற்றி ஏ.சி. வகுப்பறையைக் காட்டக் கூட்டிப் போனால் நீங்கள் பஸ் ஏறிவிடலாம். அந்தப் பிரிவின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சாயங்காலம் கேன்டீனில் இருப்பார்கள். அவர்களிடம் ஐந்து நிமிஷம் பேசினால் லேப் திறந்திருக்கிறதா, ஆசிரியர் நிலைத்து இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு அளவுகோலும் கையில் இருக்கிறது. இணைவுக் கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. முதல் வருஷம் கணக்குப் பேப்பரில் பாதிப் பேர் அரியர் வைக்கும் கல்லூரியில் சேர்ந்தால், சி.எஸ். என்றாலும் பயன் குறைவு. பல பெரிய ஐ.டி. கம்பெனிகள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதமும் நிலுவை அரியர் இல்லாமையும் கேட்கின்றன. பிரிவைக் கேட்பது அதற்கு அப்புறம்தான். ஈ.சி.இ., ட்ரிபிள்-இ பிள்ளைகளும் அதே தேர்வை எழுதி அதே சம்பளத்துக்குப் போகிறார்கள். சி.எஸ். இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 2024-25-லிருந்து தகுதியுள்ள கல்லூரிகளுக்கு, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. இட உச்சவரம்பை எடுத்துவிட்டதால் சி.எஸ். இடங்கள் பெருகிவிட்டன. நான்கு வருஷம் கழித்து அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள்.

ஓசூர் செட்டர்

பி.இ.யைப் பத்தியே பேசறீங்க. நான் அரசு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமோ. மூணு வருஷத்துக்கும் சேர்த்து நான் கட்டின ஃபீஸ், இங்க ஒருத்தர் ஒரு செமஸ்டருக்குக் கட்டற பஸ் காசுகூட வராது. ஓசூர்ல ஒரு ஜாப் ஆர்டர் கம்பெனியில வி.எம்.சி.ன்னு உலோகத்தைக் குடையற கம்ப்யூட்டர் மிஷினுக்கு ஆபரேட்டரா 11,000-க்குச் சேர்ந்தேன். ஆறு மாசம் பீஸ் ஏத்தறதும் இறக்கறதும்தான். அப்புறம் டிராயிங் பார்க்கக் கத்துக்கிட்டேன். டூல் தேய்ஞ்சா சைஸ் எந்தப் பக்கம் ஓடும், ஆஃப்செட்ல எத்தனை மைக்ரான் குடுத்தா மறுபடி டாலரன்ஸுக்குள்ள வரும்னு மைக்ரோமீட்டரை வெச்சுக்கிட்டே பழகினது அந்த நைட் ஷிப்ட்லதான். இப்ப மிஷினை வேலைக்குத் தயார் பண்ற செட்டர், ஓ.டி. சேர்த்து 34,000 வருது. பக்கத்து மிஷின்ல பி.இ. முடிச்ச பையன் 18,000-க்கு நிக்கறான், அவன் மேல வீட்டுல 5 லட்சம் கடன்.

டிப்ளமோ முடிச்சா ரயில்வே ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) தேர்வு எழுதலாம், அடிப்படைச் சம்பளமே 35,400. மேல படிக்கணும்னா லேட்டரல் என்ட்ரியில நேரா பி.இ. ரெண்டாம் வருஷம். வேலையை விடாம பகுதிநேர பி.இ. படிக்கறவங்களும் இருக்காங்க. பையனை பாலிடெக்னிக்ல சேருங்க அண்ணா.

வகுப்பறை

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, டிப்ளமோ பையன்களின் கை வேலையைப் பார்த்து நானே மெச்சியிருக்கிறேன். ஆனால் இந்தப் பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தாலும் இரண்டு வருஷம், அதன் மேல் லேட்டரலில் மூன்று வருஷம், மொத்தம் ஐந்து. நேரே பி.இ. போனால் நான்கு. பி.இ.தான் கடைசியில் வேண்டும் என்றால் ஒரு வருஷம் வீண். டிப்ளமோவோடு வேலைக்குப் போகத் தயார் என்றால் மட்டும் இது லாபம். பத்தாவது முடித்த பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

பரமத்தியான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வங்கி ஐயா போட்ட கணக்கை அப்படியே நோட்டுல எழுதி மச்சான்கிட்டக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நான் ஸ்டியரிங் புடிச்சது போதும், அவன் கோட்டு போட்டுப் போகட்டும்னுதான் பார்த்தேன்"னார். அவர் ஆசையும் தப்பில்லையே.

ஓசூர் தம்பி சொன்னது பொண்ணுக்கு ஒத்து வருமா? பையனை மெட்ரிக் பள்ளியில போட்டோம். பொண்ணு ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான். பத்தாவது முடிச்சிருக்கு, கணக்கு நல்லா வரும். பாலிடெக்னிக்ல சேர்த்துடலாமா?

சாத்தூர்க்காரி

அண்ணா, கொஞ்சம் பொறுங்க. அவசரப்பட்டு டி.சி. வாங்கிடாதீங்க!

நானும் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பொறியியல்ல 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தப்ப முதல் பேட்ச்ல சேர்ந்தேன், 2025-ல் முடிச்சேன். டியூஷன், ஹாஸ்டல் ரெண்டையுமே அரசு கட்டிடுச்சு. ரெண்டாம் வருஷத்திலிருந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 என் பேங்க் கணக்குக்கே வந்துச்சு. அந்த ஆயிரத்துலதான் புத்தகம், ஜெராக்ஸ், ஊருக்குப் போற பஸ் எல்லாம். எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. எனக்காக அவர் யார்கிட்டயும் கை நீட்டல. இப்ப சென்னையில இருக்கேன், சம்பளம் நீங்க மேல பேசின அதே 3.5 லட்சம்தான். ஆனா தவணை கிடையாது. பி.ஜி.க்குக் குடுத்தது போக மாசம் 10,000 வீட்டுக்கு அனுப்பறேன், தம்பி படிக்கறான்.

உங்க அக்கா பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அந்த 7.5-க்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். இப்ப பாலிடெக்னிக் போனா பிளஸ் டூ இருக்காது, அந்த உரிமை கையை விட்டுப் போயிடும். கணக்கு நல்லா வரும்னு சொல்றீங்க. இன்னும் ரெண்டு வருஷம் அதே பள்ளியில கணிதப் பிரிவு எடுக்கட்டும். நல்ல கட்-ஆஃப் வந்தா அரசுக் கல்லூரியிலேயே காசில்லாம படிக்கலாம்.

ஓசூர் செட்டர்

இது எனக்குத் தோணவே இல்ல அக்கா. எங்க பேட்ச்ல இந்த ஒதுக்கீடே கிடையாது. பொண்ணு அரசுப் பள்ளின்னா நீங்க சொல்றதுதான் சரி. ஒண்ணே ஒண்ணு, பிளஸ் டூவுல மார்க் குறைஞ்சாலும் பயப்பட வேண்டாம். அப்பவும் டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம். புதுமைப்பெண் ஆயிரம் டிப்ளமோவுக்கும் உண்டு. பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன்னு 2024 ஆகஸ்டிலிருந்து தர்றாங்க, ஆனா அதுவும் அரசுப் பள்ளிப் பசங்களுக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பசங்களுக்கும்தான். மெட்ரிக் பையனுக்கு வராது.

மேச்சேரி அம்மா

இழை முழுக்கப் படித்தேன். மனசுக்கு ஒன்று பட்டது, சொல்லிவிடுகிறேன். படிப்பைத் தவணையாகவும் சம்பளமாகவும் மட்டும் பார்ப்பது சரியா? என் மூத்த மகள் ட்ரிபிள்-இ முடித்து இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். ஊரில் எல்லாரும் காசு வீண் என்றார்கள். அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள், பட்டா பெயர் மாற்றத்துக்குத் தாலுகா ஆபீசில் போய்ப் பேசினாள், எனக்குத்தான் தெரியும். வரன் வந்தபோது "எனக்கு வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அப்பா எதிரில் நின்று சொன்னாள். நான் அவள் வயதில் வாயைத் திறந்ததில்லை. இப்போது டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கிறாள். இதை வரவு, செலவு எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

வங்கி ஓய்வு

அம்மா, உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். அதற்கு விலை போட முடியாது, போடவும் கூடாது. உதவிப் பொறியாளர் பதவியின் ஊதிய விகிதம் 37,700-லிருந்து 1,38,500 வரை, அவர் அதை எட்ட வேண்டும்.

நான் கணக்கை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்விக்கடன் தவணை தவறியவர்களின் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும் வேலையும் என் கையில்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் டிகிரி முடித்தும் வந்த முதல் வேலையை விட முடியாமல் அதிலேயே கட்டுண்டு கிடந்தார்கள். வேறு தேர்வுக்குப் படிக்க ஆறு மாதம் வீட்டில் இருக்க முடியாது, சம்பளம் குறைவான ஆனால் கற்றுக்கொள்ளக்கூடிய இடத்துக்கு மாற முடியாது. உங்கள் மகளுக்கு அந்த இரண்டு வருஷம் கிடைத்ததே, அதைக் கடன் இருக்கும் வீட்டில் கொடுக்க முடியாது. படிப்பு தரும் தைரியத்தை நான் குறைத்து எண்ணவில்லை, அதை அடமானம் வைக்க வேண்டாம் என்கிறேன்.

மேச்சேரி அம்மா

சரிதான். எங்களுக்குக் கடன் குறைவாக இருந்ததால்தான் அவளை விட்டுப்பிடிக்க முடிந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஓ.எம்.ஆர். வாசி

நானும் கொஞ்சம் இறங்கி வர்றேன். 7.5 லட்சத்துக்கு மேல, வீட்டை வெச்சுக் கடன்னா வேண்டாம். ஆனா ஈ.சி.இ. எடுத்தா அந்தப் பையன் முதல் வருஷத்திலிருந்தே தானா கோடிங் பழகணும். கல்லூரி சொல்லித் தரும்னு உட்கார்ந்திருந்தா கடைசி வருஷத்துல தவிப்பான். 'நான் முதல்வன்' திட்டத்துல கல்லூரியிலேயே பயிற்சி தர்றாங்க, அதை வருகைப் பதிவுக்காக மட்டும் முடிக்காம, ஒரு மொழியாவது ஒழுங்கா எழுதத் தெரியற அளவுக்குப் பிடிச்சுக்கணும். இங்கிலீஷ் பேசறதும் அப்படித்தான். இன்டர்வியூவுல எங்க ஆளுங்க பாடத்துல தோக்கறதைவிட வாயைத் திறக்காம தோக்கறதுதான் அதிகம். பையன் விரும்பினா எனக்குத் தனிமடல் போடச் சொல்லுங்க, என்ன படிக்கணும்னு நான் வரிசை போட்டுத் தர்றேன்.

பரமத்தியான்

அண்ணா, இந்த உதவியை மறக்க மாட்டோம்.

நேத்து ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பையன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டான், கூட்டாளிங்க எல்லாம் சென்னைக்குப் போறாங்களாம். தங்கச்சிதான் நோட்டை வாங்கிப் படிச்சுட்டு, "அண்ணா, 18,450 எப்படிடா கட்டுவ?"ன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவன் பேச்சுல வீம்பு இல்லை. கவுன்சிலிங்கே போறதுன்னு முடிவாயிடுச்சு. மூணு காலேஜையும் நேர்ல போய்ப் பார்த்து, வகுப்பறை ஐயா சொன்ன கேள்விகளைக் கேக்கப் போறோம். பொண்ணு அதே பள்ளியில பதினொண்ணு, கணிதப் பிரிவு.

ஏஜென்ட் விடாம போன் பண்றார். 25,000 கட்டிட்டா கவுன்சிலிங்கில கிடைக்கலைன்னா பிடிமானமா இருக்கும்கறார். பையனோட ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் குடுத்து வைக்கச் சொல்றார். குடுக்கலாமா? அப்புறம், கடனே வாங்காம சேமிப்பிலேயே சமாளிச்சுடலாமா?

வங்கி ஓய்வு

ஒரிஜினல் சான்றிதழை யார் கையிலும் கொடுக்காதீர்கள். கல்லூரிகளே மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி, அப்படியிருக்க ஏஜென்டுக்கு என்ன வேலை? முன்பணமும் வேண்டாம். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி சேர்க்கை முடியும் தேதிக்குள் மாணவர் விலகினால் கல்லூரி 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆனால் அது கல்லூரி ரசீது போட்டு வாங்கிய பணத்துக்கு. ஏஜென்ட் கையில் கொடுத்ததைக் கேட்டு வாங்க உங்களிடம் தாள் எதுவும் இருக்காது. கவுன்சிலிங்கில் 158-க்கு இடமே கிடைக்காமல் போகாது, அந்தப் பயத்தைக் காட்டித்தான் பணம் கேட்கிறார்.

சேமிப்பு 3 லட்சத்தையும் கரைக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் கையில் ஒன்றும் இருக்காது. 3 லட்சம் கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை நாம் கையிலிருந்து போடும் முன்பங்குத் தொகையும் அடமானமும் கிடையாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பதால், நாக் அமைப்பின் தரச் சான்று பெற்ற கல்லூரி அல்லது என்.பி.ஏ. அமைப்பின் தர அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் படிப்புக்காலத்துக்கும் அதன்பின் ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும். கல்லூரி பார்க்கப் போகும்போது இந்த அங்கீகாரத்தையும் கேட்டு எழுதி வாருங்கள். மானியம் முழுதாக வந்தால் தவணை தொடங்கும்போதும் கடன் 3 லட்சமாகவே நிற்கும், பத்து வருஷத்துக்கு மாதம் 4,050. மானியம் கிடைக்காவிட்டாலும் 5,500-தான். 25,000 சம்பளத்தில் அது கையைக் கடிக்காது.

கல்விக்கடன் மனுக்களுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் மனுப் போட்டுவிட்டு, கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் கட்டண விவரம், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மச்சானுக்குக் கணக்கு இருக்கும் கிளைக்கே போங்கள். கிளையில் வாய்மொழியாக இல்லை என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே மனு நகர்ந்துவிடும்.

சாத்தூர்க்காரி

அண்ணா, முதல் பட்டதாரிச் சான்றையும் வருமானச் சான்றையும் இன்னைக்கே இ-சேவையில போட்டுடுங்க. கவுன்சிலிங் நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல போடறதால தாலுகா ஆபீஸ்ல தேங்கிடும். பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., குடும்ப அட்டை ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க. வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது அக்கா வீட்டுல இருக்கணும்.

பரமத்தியான்

சரிம்மா. நாளைக்குக் காலையில அக்காவையும் பையனையும் கூட்டிக்கிட்டு இ-சேவை மையத்துக்குப் போறேன். காலேஜ் பார்த்துட்டு வந்ததும், அவங்க சொன்ன பதிலை இங்கயே எழுதறேன்.